45 நாளில் பணம்: 43பி(எச்) யாரைப் பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது

மார்ச் மாதம் வந்தால் ஆடிட்டர் அலுவலகங்களிலிருந்து இப்போது கூடுதலாக ஒரு கேள்வி வருகிறது. "உங்களுக்குச் சரக்கு கொடுக்கிறவர்களில் உத்யம் பதிவு வைத்திருப்பவர்கள் யார் யார்? அவர்களுக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி பில்?" உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் பதிவு. சில ஆண்டுகளுக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் கணக்கு எழுதுகிறவர் சிரித்திருப்பார். பாக்கி என்பது வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் இடையிலான விஷயம், அதில் வருமான வரிக்கு என்ன வேலை என்று கேட்டிருப்பார். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து வேலை இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 'எச்' என்ற உட்பிரிவைச் சேர்த்து, சிறு தொழில்காரரின் பணத்தை இழுத்தடிப்பவர் அந்த ஆண்டு கூடுதலாக வரி கட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எத்தனை நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்ற கெடு ஒரு சட்டத்தில் இருக்கிறது. கெடு தவறினால் விழும் அடி இன்னொன்றில் இருக்கிறது. பலர் இரண்டாவதை மட்டும் படித்துவிட்டு "எல்லாருக்கும் 45 நாள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

கெடு: 15 நாளா, 45 நாளா?

கெடு இருப்பது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில். அதற்கும் முன்பே, 1993-இல், சிறு தொழில்களுக்குத் தாமதமாகப் பணம் கொடுத்தால் வட்டி தர வேண்டும் என்று தனிச் சட்டம் ஒன்று இருந்தது. 2006 சட்டம் அதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கிறது.

அதன் 15-ஆவது பிரிவு சொல்வது இதுதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் எழுத்தில் ஒரு தேதி ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஒப்பந்தம் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள், அவ்வளவுதான். வாய்ப்பேச்சாக "மூணு மாசம் கிரெடிட்" என்று பேசி முடித்த வியாபாரத்துக்கெல்லாம் சட்டத்தின் கண்ணில் கெடு 15 நாள். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது 45 ஆகத்தான் எண்ணப்படும்.

ஜனவரி 10-ஆம் தேதி சரக்கு போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் ஜனவரி 25-க்குள் பணம். 30 நாள் என்று எழுதியிருந்தால் பிப்ரவரி 9. 45 அல்லது அதற்கு மேல் எதை எழுதியிருந்தாலும் பிப்ரவரி 24. நாள் எண்ணத் தொடங்குவது பில் தேதியிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் எண்ணுவது சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து. சேவையாக இருந்தால் அதைச் செய்து கொடுத்த நாளிலிருந்து. அதனால்தான் டெலிவரி சலானில் வாங்கும் கையெழுத்தும் தேதியும் பில்லை விடப் பெறுமானம் உள்ளவை.

சரக்கில் குறை இருந்தால்? வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், குறையை விற்றவர் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்கும். 15 நாளில் எழுத்தில் எதுவும் வரவில்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று திருப்பூரில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துணி வெட்டி, தைத்து, கப்பலேறிப் போன பிறகு, பணம் கேட்கப் போகும் நாளில்தான் "ஷேடு சரியில்லை" என்று டெபிட் நோட், அதாவது பில் தொகையில் பிடித்தம் சொல்லும் சீட்டு, வரும். அந்த டெபிட் நோட்டை வைத்து விலை பேசலாம். ஆனால் கெடுவைத் தள்ளிப்போட அது உதவாது.

கெடு தவறினால் வட்டி. 16-ஆவது பிரிவின்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. ரெப்போ வீதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டு காலம் வங்கி வீதம் 6.75 சதவீதமாக இருந்தது. மூன்று மடங்கு 20.25 சதவீதம். 10 லட்சம் ரூபாயை ஓராண்டு தாமதித்தால் அந்த வீதத்தில் ஏறத்தாழ 2.22 லட்சம் வட்டி. "வட்டி கேட்க மாட்டேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. சட்டம் ஒப்பந்தத்துக்கு மேலே நிற்கிறது. கொடுத்த வட்டியைச் செலவாகக் காட்டி வரியில் கழிக்கவும் முடியாது என்று 23-ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது.

இவ்வளவு கடுமையான வட்டி 2006-லிருந்தே இருக்கிறது. பிறகு ஏன் பாக்கி குறையவில்லை?

காரணம் எல்லாருக்கும் தெரியும். வட்டி வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. கோவையில் பம்பு கம்பெனிக்கு வார்ப்பு ஊற்றிக் கொடுக்கும் சிறு பவுண்டரிக்கு இரண்டு மூன்று பார்ட்டிகள்தான் மொத்த வியாபாரமும். அதில் ஒருவர் மேல் புகார் கொடுத்தால் அந்த ஒருவரோடு போகாது, சேதி ஊர் முழுக்கப் பரவும். புகார் கொடுக்க இடம் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென வசதி மன்றங்கள் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என மண்டலவாரியாக அமைத்திருக்கிறார்கள். 2017 அக்டோபரில் தொடங்கிய சமாதான் இணையதளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே மனுப் போடலாம். ஆனாலும் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் உறவு ஏற்கெனவே முறிந்துபோனவர்கள்தான். வியாபாரம் தொடர வேண்டும் என்று நினைப்பவர் போவதில்லை. சட்டம் உரிமையைக் கொடுத்தது, அதைப் பயன்படுத்தும் தைரியத்தை யாரும் கொடுக்கவில்லை.

2023-இல் என்ன மாறியது

2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இந்த முடிச்சை வேறு வழியில் அவிழ்க்கப் பார்த்தது. விற்றவர் வாயே திறக்க வேண்டாம். வாங்கியவரின் ஆடிட்டர் கேட்பார், வாங்கியவரின் வரி கூடும். புகார் இல்லாமலே வேலை செய்யும் ஏற்பாடு. என் கணிப்பில் இதன் புத்திசாலித்தனம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. இதன் சிக்கல்களும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

43பி பிரிவு புதிதல்ல. வியாபாரக் கணக்கில் பொதுவாகச் செலவு எப்போது ஏற்பட்டதோ அப்போதே கழித்துக்கொள்ளலாம், பணம் கொடுத்தோமா என்பது முக்கியமில்லை. மார்ச்சில் சரக்கு வாங்கி மே மாதம் பணம் கொடுத்தாலும் அது மார்ச் செலவுதான். ஆனால் சில செலவுகளுக்கு மட்டும் "பணம் கொடுத்தால்தான் கழிக்கலாம்" என்று 43பி சொல்கிறது. அரசுக்குக் கட்ட வேண்டிய வரிகள், தொழிலாளர் போனஸ், முதலாளி பங்கு வருங்கால வைப்பு நிதி, வங்கிக் கடன் வட்டி போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தப் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு 15-ஆவது பிரிவின் கெடுவைத் தாண்டி நிற்கும் பாக்கி.

இதில் ஒரு கூரான வேறுபாடு உண்டு. பழைய பட்டியலில் உள்ள பெரும்பாலானவற்றுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மார்ச் 31-க்குள் கட்டாவிட்டாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால் அந்த ஆண்டே கழித்துக்கொள்ளலாம். 'எச்' உட்பிரிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கெடு போயிற்றென்றால் போயிற்று. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிவு.

ஒரு கூட்டு வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் லாபம் 20 லட்சம். மார்ச் 31 அன்று சிறு தொழில்காரர்களுக்குக் கெடு தாண்டிய பாக்கி 30 லட்சம். வரிக் கணக்கில் இந்த 30 லட்சம் செலவாக ஏற்கப்படாது, ஆகவே வரிக்குரிய வருமானம் 50 லட்சம் ஆகிவிடும். செஸ் சேர்த்து 31.2 சதவீத வரியில் கூடுதலாகக் கட்ட வேண்டியது 9.36 லட்சம். உண்மையில் சம்பாதித்த 20 லட்சத்துக்கு வரி 6.24 லட்சம்தான், கட்டுவதோ 15.6 லட்சம். இதை முன்கூட்டிக் கணித்து அட்வான்ஸ் வரி கட்டியிருக்க மாட்டார்கள் என்பதால் அதற்கும் வட்டி சேரும்.

அடுத்த ஆண்டு அந்த 30 லட்சத்தைக் கொடுத்துவிட்டால் அப்போது கழிவு கிடைக்கும். ஆகவே இதை அபராதம் என்று சொல்வதை விட, அரசிடம் ஓராண்டு முடங்கும் பணம் என்பதே சரி. இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒவ்வொரு மார்ச்சிலும் பாக்கி ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் நிறுவனத்துக்கு அடி பலமாக விழுந்தது முதல் ஆண்டில்தான். பிறகு பழைய 30 கழியும், புதிய 30 கூடும், கணக்கு சமன். முதல் ஆண்டில் அவ்வளவு கூச்சல் எழுந்து பிறகு சத்தம் அடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தேதிகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எழுத்தில் 45 நாள் ஒப்பந்தம், சரக்கு வந்தது மார்ச் 1 என்றால் கெடு ஏப்ரல் 15. மார்ச் 31 அன்று பாக்கி நிற்கிறது, பரவாயில்லை. ஏப்ரல் 14-இல் கொடுத்தால் கழிவு அந்த ஆண்டிலேயே. ஏப்ரல் 20-இல் கொடுத்தால் கழிவு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஏப்ரலில் வாங்கிய சரக்குக்கு அடுத்த மார்ச் 30-ஆம் தேதி, பதினொரு மாதம் கழித்துப் பணம் கொடுக்கிறார் ஒருவர். கெடு எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் வாங்கிய நிதியாண்டும் கொடுத்த நிதியாண்டும் ஒன்றே என்பதால் கழிவில் கை வைக்க முடியாது. 16-ஆவது பிரிவின் வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், அதைக் கேட்க ஆள் வேண்டும். ஆக, இந்த உட்பிரிவு ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் கண் திறக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் திடீரென்று பேமெண்ட் வந்து, ஏப்ரலிலிருந்து மறுபடி "அடுத்த வாரம் பாருங்க" தொடங்குவது இதனால்தான்.

பணம் கொடுக்கிறவருக்கு ஆறுதலான சில செய்திகள். பில்லில் உள்ள ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக (தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுத்திருந்தால் அது செலவில் சேர்ந்திருக்காது, ஆகவே சிக்கல் ஜிஎஸ்டி நீங்கலான தொகைக்குத்தான். மெஷின் வாங்கிய பாக்கி நேரடியாகச் செலவில் வருவதில்லை என்பதால் அதன் தேய்மானக் கழிவு இதில் அடிபடாது. 44ஏடி பிரிவில் விற்பனையில் சட்டம் குறிப்பிடும் சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டும் சிறு வியாபாரிகளையும் இது தொடாது, அந்தப் பிரிவு 43பி-யைத் தாண்டி நிற்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. மற்றபடி வாங்குகிறவர் பெரியவரா சிறியவரா என்ற பேதம் சட்டத்தில் இல்லை. ஒரு சிறு பட்டறை இன்னொரு சிறு பட்டறைக்குப் பாக்கி வைத்தாலும் இதே கதைதான்.

யார் 'குறு', யார் 'சிறு'?

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகளை உயர்த்தியிருக்கிறார்கள். இயந்திரம், கருவிகளில் முதலீடு 2.5 கோடி வரை, ஆண்டு விற்பனை 10 கோடி வரை இருந்தால் குறு. 25 கோடி, 100 கோடி வரை சிறு. 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரம். இதற்கு முன்பு, 2020 ஜூலையிலிருந்து, சிறு நிறுவனத்தின் உச்சவரம்பு 10 கோடி முதலீடும் 50 கோடி விற்பனையும்தான். வரம்பு உயர்ந்ததால் நேற்றுவரை நடுத்தரமாக இருந்த பலர் இன்று சிறு ஆகிவிட்டார்கள், அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் இந்த வலைக்குள் வந்துவிட்டது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கணக்கு முடிக்கிறவர்கள் இதில் ஏமாறுவார்கள்.

முதலீட்டில் நிலமும் கட்டடமும் சேராது. விற்பனையில் ஏற்றுமதி சேராது. இந்த இரண்டாவது விதி ஏற்றுமதி ஊர்களில் விசித்திரமான விளைவைத் தரும். பல நூறு கோடிக்கு ஏற்றுமதி செய்யும் ஆயத்த ஆடை நிறுவனம், உள்நாட்டு விற்பனை குறைவாகவும் இயந்திர முதலீடு வரம்புக்குள்ளும் இருந்தால், சட்டப்படி 'சிறு' நிறுவனமாக இருக்க முடியும்.

நடுத்தர நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் இந்த விதிக்குள் வராது. சட்டத்தின் பெயரிலேயே 'நடுத்தர' என்று இருப்பதால் இதைப் பலர் நம்புவதில்லை, ஆனாலும் அப்படித்தான். அதேபோல வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகள் உத்யம் பதிவு செய்யலாம் என்று அனுமதித்தார்கள். அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. நூல் ஏஜென்சி நடத்துபவரிடம் உத்யம் சான்றிதழ் இருக்கலாம், ஆனால் 45 நாள் உரிமை இல்லை. சான்றிதழைப் பார்க்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல், அதில் தொழில் வகை உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று பார்ப்பது அதனால்தான் அவசியமாகிறது. ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், அதாவது பிறர் சரக்கில் கூலிக்கு வேலை செய்து கொடுப்பவர்கள், வியாபாரிகள் கணக்கில் வருவதில்லை, அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்

2024 தொடக்கத்தில் சூரத் ஜவுளிச் சந்தையிலிருந்துதான் பெரிய கூக்குரல் வந்தது. அங்கே நெடுங்காலமாகக் கடன் தவணை மாதக்கணக்கில் ஓடுவது வழக்கம். 45 நாளில் பணம் கொடுக்க முடியாது என்று வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள், ஆர்டரை நிறுத்தினார்கள். வியாபாரிகள் அமைப்புகள் விதியைத் தள்ளிவைக்கக் கேட்டன. ஒரு கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது, நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தை நாடச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை பட்ஜெட்டில் மாற்றம் வரும் என்ற பேச்சு அடிபட்டது. வரவில்லை.

அந்தக் கூக்குரலை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பணம் ஒரு சங்கிலியாக வருகிறது. ஏற்றுமதியாளர் ஒருவருக்கு வெளிநாட்டு பையரிடமிருந்து பணம் வர 90 நாள், 120 நாள் ஆகலாம். அந்த பையரை இந்தியச் சட்டம் எதுவும் செய்ய முடியாது. ஆனால் அவர் நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் எம்பிராய்டரிக்கும் 45 நாளில் கொடுத்தாக வேண்டும், எழுத்தில் இல்லையென்றால் 15 நாளில். மேலே இருப்பவருக்குக் கெடு இல்லை, கீழே இருப்பவருக்குக் கெடு உண்டு, நடுவில் இருப்பவர் வங்கியில் கடன் வாங்கி இடைவெளியை அடைக்க வேண்டும். நடுத்தர நிறுவனங்களுக்கு இது இன்னும் மோசம். தங்களுக்கு வர வேண்டியதற்குப் பாதுகாப்பு இல்லை, தாங்கள் கொடுக்க வேண்டியதற்குக் கெடு உண்டு.

இன்னொரு விளைவை விதி எழுதியவர்கள் முன்கூட்டி நினைத்தார்களா என்று தெரியாது. உத்யம் பதிவு உள்ளவரிடம் வாங்கினால்தானே தொல்லை, பதிவில்லாதவரிடம் வாங்கினால் தொல்லை விட்டது என்று சிலர் கிளம்பினார்கள். "அந்தப் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்புறம் ஆர்டர் பேசலாம்" என்று கேட்கப்படுவதாகச் சிறு தொழில் வட்டாரங்களில் புகார் எழுந்தது. பதிவை ரத்து செய்தால் 45 நாள் உரிமை மட்டுமா போகும்? வங்கியின் முன்னுரிமைக் கடன், அரசு டெண்டர் சலுகை எல்லாம் சேர்ந்து போகும். ஒரு பார்ட்டிக்காக அதைச் செய்வது கட்டுபடியாகாது. அப்படிக் கேட்கிற பார்ட்டி, பதிவு போன பிறகு எப்போது பணம் கொடுப்பார் என்பதை யோசித்தாலே விடை தெரிந்துவிடும்.

விற்கிறவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. உத்யம் எண்ணையும் 'உற்பத்தி - குறு' போன்ற வகையையும் பில்லிலேயே அச்சடித்துவிடலாம். சான்றிதழ் நகலை ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரியில் அனுப்பிவைத்தால் போதும், மார்ச் கணக்கில் அது தன் வேலையைச் செய்யும். இதைச் செய்வதற்கு யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. பதிவு இலவசம், ஆதாரை வைத்து இணையத்திலேயே முடிந்துவிடும். இதற்குக் காசு கேட்கும் தளங்களில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியதுதான் கூடுதல். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் 15 நாளில் மாட்டிக்கொள்வதை விட, பர்ச்சேஸ் ஆர்டரில் 45 நாள் என்று எழுதி, விற்கிறவரின் ஒப்புதலை வாங்கிவைத்துக்கொள்வது மலிவான பாதுகாப்பு. பில்லில் ஒரு தரப்பு மட்டும் அச்சடித்திருக்கும் நிபந்தனை இருதரப்பு ஒப்பந்தமாகுமா என்பது வாதத்துக்குரியது, அதை நம்பி இருக்கக் கூடாது. லெட்ஜரில் சிறு நிறுவனங்களுக்குத் தனி அடையாளம் போட்டு, சரக்கு வந்த தேதியையும் ஏற்றிவைத்தால் மார்ச்சில் தேட வேண்டியிருக்காது. கம்பெனியாக இருந்தால், 45 நாளைத் தாண்டிய பாக்கியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எம்எஸ்எம்இ-1 படிவத்தில் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை 2019-லிருந்தே இருக்கிறது. ஏப்ரல் 30, அக்டோபர் 31 என்று அதற்குத் தேதிகள். ஆண்டறிக்கையிலும் தணிக்கை அறிக்கையிலும் இதே தொகை தனியே வர வேண்டும். மூன்று இடத்திலும் மூன்று எண் இருந்தால் கேள்வி வரும். ஜிஎஸ்டியில் உள்ள 180 நாள் விதி இதற்குத் தொடர்பில்லாத வேறு விதி. அது எந்த சப்ளையராக இருந்தாலும் பொருந்தும், பணம் கொடுக்காவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரவைத் திருப்ப வேண்டும்.

இடைவெளியை அடைக்க டிரெட்ஸ் என்ற ஏற்பாடும் இருக்கிறது. சிறு நிறுவனத்தின் பில்லை வாங்கியவர் இணையத்தில் ஒப்புக்கொண்டதும் வங்கிகள் அதற்கு ஏலம் கேட்கும். குறைந்த வட்டி கேட்கும் வங்கி, கழிவு போக மீதியைச் சில நாட்களில் விற்றவருக்குக் கொடுத்துவிடும், கெடு நாளில் வாங்கியவரிடம் வசூலித்துக்கொள்ளும். வாங்கியவர் பணம் கட்டாவிட்டாலும் விற்றவரிடம் திரும்பி வர மாட்டார்கள் என்பதுதான் இதன் பெரிய பலம். 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. சேர்வதுதான் கட்டாயம். பில்லை அங்கே ஒப்புக்கொள்வது இன்னும் வாங்குகிறவர் மனசுதான்.

மன்றத்துக்குப் போகத் துணிந்தால்

எல்லாம் முயன்றும் பணம் வரவில்லை, உறவும் போய்விட்டது என்றால் வசதி மன்றம். முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் அதே மன்றமோ அது அனுப்பும் அமைப்போ நடுவர் தீர்ப்பு வழங்கும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் நீள்வதுண்டு. தீர்ப்பு வந்துவிட்டால் விற்றவர் கை ஓங்கும். அதை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் வாங்கியவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

இங்கே பதிவுத் தேதி முக்கியம். சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்கும் இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும், 2022-இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் சொன்னது. 2025 ஜனவரியில் என்பிசிசி வழக்கை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வுக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்ததால், கேள்வியை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அந்த விடைக்காகக் காத்திருக்காமல் முதல் பில் போடுவதற்கு முன்பே பதிவை முடித்துவைப்பதுதான் பிழைக்கும் வழி. மூன்று ஆண்டு தாண்டிய பழைய பாக்கியை மன்றத்தில் சமரசத்துக்குக் கொண்டுபோகலாம், நடுவர் தீர்ப்புக்குப் போனால் காலவரம்பு குறுக்கே நிற்கும் என்று அதே ஆண்டு ஜூலையில் சோனாலி பவர் வழக்கில் தெளிவாக்கினார்கள்.

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வரும் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்துக்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. சிறு நிறுவனங்களின் பாக்கி பற்றிய இந்த விதி அதிலும் தொடர்கிறது, பிரிவு எண் மட்டும் வேறு. பேச்சு வழக்கில் 43பி(எச்) என்ற பெயர் இன்னும் பல ஆண்டு ஓடும், படிவம் நிரப்பும்போது மட்டும் புதிய எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.